தூணுக்குப் பின்னால் ஒரு கதிரை

எதையும் எண்ணாமல் விட என்னால் முடியாது. ஏறினால் படிகள், பஸ்ஸுக்கு நின்றால் எனக்கு முன்னால் நிற்கும் தலைகள். (மனைவி இதை வியாதி என்பாள். எத்தனை தடவை சொன்னாள் என்ற கணக்கும் என்னிடம் உண்டு.) இந்த வியாதிதான் ஜேர்மனியின் பொன் நகரில் என் வேலையைத் தின்றது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. மாநாட்டு மண்டபமொன்றில் கதிரை, மேசை ஒழுங்குபடுத்தும் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அன்று அந்த ஆறு மாதத்தின் கடைசி நாள். எனக்கு ஐம்பத்தாறு வயது. இன்னொரு நிரந்தர வேலை இனி எங்கே கிடைக்கும்?

ஒரு வல்லரசு அன்று ஏழை நாடுகளை அழைத்துக் காலநிலை பற்றிப் பேசவிருந்தது. மேற்பார்வையாளர் தந்த இருக்கை வரைபடத்தை எண்ணினேன். வல்லரசுக்கு முன்வரிசையில் பதினொரு கதிரைகள். கடல் விழுங்கிக்கொண்டிருந்த ஒரு தீவுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தூணுக்குப் பின்னால்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகை விட்டவனுக்கு முன்வரிசை, மூழ்குகிறவனுக்குத் தூணா? எங்கள் கலியாண வீடுகளில் தூரத்திலிருந்து வந்தவரைத்தான் முதல் பந்தியில் இருத்துவோம். பெயர்ப்பலகைகளை மாற்றத் தொடங்கினேன்: ஏழை நாடுகள் முன்வரிசைக்கு, வல்லரசின் தலைவர் தூணுக்குப் பின்னால்.

கூட வேலை செய்த மன்னார் றோசா பதறினாள்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? இண்டைக்குக் கடைசி நாளெல்லே!"

"தூரத்தால வந்த ஆக்களைப் பின்னால இருத்திறதே, பிள்ளை?"

"இது கலியாண வீடில்லை, அண்ணை!"

"அதுதான் இவையின்ர பிழை."

(அப்போது அது அபாரமான பதிலாகத் தெரிந்தது.)

வல்லரசின் தலைவர் வந்தார். தூணைப் பார்த்தார். உட்காரவில்லை. அவருடைய ஆட்கள் பத்துப் பேரும் உட்காரவில்லை. அதனால் மண்டபமே நின்றது. பதினேழு நிமிடங்கள்.

முன்வரிசையில் நான் இருத்திய தீவு முதியவர் எழுந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். அவரோ தன் பெயர்ப்பலகையைத் தானே தூக்கிக்கொண்டார். என்னைக் கடக்கும்போது ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "கடலுக்கு அணை கட்ட இவர்களிடம்தான் பணம் கேட்க வேண்டும். தயவுசெய்து எனக்கு உதவி செய்யாதீர்கள்."

தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அவரைப் பார்த்து மற்ற ஏழை நாட்டுக்காரரும் முன்வரிசையை விட்டு எழுந்தார்கள். அதன் பிறகுதான் வல்லரசு முன்வரிசையில் அமர்ந்தது. பிறகு எழுந்து, நாம் எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம் என்று பேசியது. நானும் படகேறி அகதியானவன். படகில் யார் நடுவில் இருப்பார், யார் தண்ணீர் இறைப்பார் என்று எனக்குத் தெரியாதா?

மேற்பார்வையாளர் வாசலில் நின்றார். "ஏதாவது பலகை தவறுதலாக மாறிவிட்டதா?" என்று கேட்டார். நல்ல மனிதர், தப்பிக்க வழி விட்டிருக்கிறார்.

"தவறுதலாக இல்லை. இருபத்து நான்கு பலகைகள்" என்றேன். எண்ணிக்கையில் பிழை விட மனம் வரவில்லை.

வேலை போயிற்று.

மகளின் கலியாணத்தன்று அவள் மணவறையிலிருந்தே கத்தினாள்: "அப்பாவைக் கதிரைப் பக்கம் விடாதேங்கோ! மாப்பிள்ளையைத் தூணுக்குப் பின்னால இருத்திப்போடுவார்!" இன்றும் எந்த விசேஷத்திலும் யாராவது அதைச் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் எந்த மண்டபத்துக்குள் போனாலும் முதலில் தூண்களை எண்ணுகிறேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய், யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.