மழைக்கு விரியாத குடை

நீலகிரியில் மழைக்குக் குடை விரிக்காத ஒரே மனிதர் எங்கள் குடை சார்தான். சத்தியமாகச் சொல்கிறேன், ஆடி மாத மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு, கக்கத்தில் மடக்கின குடையோடு ஜம்மென்று நடந்து வருவார். பார்க்கிற புதுசுகள் வாயைப் பிளக்கும்.

ஊட்டிக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவை ஒட்டியிருந்த எங்கள் பி.எட். கல்லூரியில் அவருக்கு வகுப்பு கிடையாது. படித்து முடித்தவர்களுக்குப் பள்ளிக்கூடங்களில் வேலை தேடிக் கொடுப்பதுதான் அவர் பாடு. அதிலும் ஒரு கூத்து. ஆள் கேட்டுப் போன் பண்ணுகிற ஹெட்மாஸ்டரை முதலில் இவர் இன்டர்வியூ செய்வார். "ஏனுங்க, புள்ளைகள வெளையாட விடுவீங்களா? சத்துணவு ஆக்கற அக்கா சிரிச்ச மொகமா இருப்பாங்களா?" பதில் பிடிக்காவிட்டால், "எங்கிட்ட ஆளில்லீங்க" என்று போனை வைத்துவிடுவார். பக்கத்திலேயே நாற்பது பேர் வேலையில்லாமல் நின்றுகொண்டிருப்போம்!

நான் குன்னூர் பாத்திரக்கடைக்காரர் மகள். பாடமெல்லாம் தலைகீழாய்த் தெரியும், ஆனால் சத்தம் முதல் பெஞ்சைத் தாண்டாது. மூன்று பள்ளிக்கூடத்தில் மாதிரி வகுப்பு எடுத்து மூன்றிலும் ஊத்திக்கொண்டது. "அடுத்ததும் போச்சுன்னா பேசாம கடைக்கு வந்துரு சாமி" என்றார் அப்பா. எனக்கோ டீச்சர் வேலையைத் தவிர வேறெதிலும் மனசு ஒட்டவில்லை. அழுதுகொண்டே குடை சார் முன்னால் போய் நின்றேன்.

"அழுகற சத்தங்கூடக் கேக்கலியே அம்மிணி" என்றார் மனுஷன்.

மறுநாள் காலையில் என்னை மைதானத்து ஓரத்தில் நிறுத்தினார். அவர் பள்ளத்தில் இறங்கி, எதிர்ச்சரிவில் தேயிலைக்கு நடுவே ஒரு பாறைமேல் ஏறிக்கொண்டார். நான் பாடம் நடத்த வேண்டும். அவர் காதுக்கு எட்டினால் குடையை விரித்துத் தூக்குவார். மழைக்கு விரிக்காத ரகசியமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. "நனையாம இருக்கோணும்னு விரிச்சா, நமக்குக் கேட்டுருச்சுன்னு புள்ளைக நெனச்சுக்குமில்ல?"

நாலு நாள் கத்தினேன். மழையும் விடவில்லை, குடையும் அசையவில்லை. கீழே பள்ளத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பார்வதியக்காதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க டீச்சர், நாலு நாளா அதே எலை, அதே பச்சையம்! எங்களுக்கே மனப்பாடம் ஆயிருச்சு, அடுத்த பாடத்துக்குப் போங்க!"

எனக்கு வந்ததே கோபம்! "எலைக்கு வெயில் வேணும்! வெயில் இருந்தாத்தான் எலை சாப்பாடு செய்யும்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். எதிர்ச்சரிவில் கறுப்புக் குடை விரிந்தது. பறிக்கிற பெண்கள் கூடையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

மறுவாரமே சோலூர் பக்கம் வேலை கிடைத்தது. அங்கே ஹெட்மாஸ்டருக்கு ஒரே குறைதான்: "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க டீச்சர், பக்கத்து கிளாஸ் புள்ளைகளும் உங்க பாடத்தையே எழுதுதுங்க."

போன மாசம், மறைந்துபோன சாருக்குக் கல்லூரியில் நினைவுச்சின்னம் திறந்தோம். நிர்வாகம் வாசலில் சிலை வைக்கலாம் என்றது. பழைய மாணவர்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டோம். நாங்கள் நின்று கத்திய அதே இடத்தில், அந்தப் பாறையைப் பார்த்த மாதிரி ஒரு கல்மேடை கட்டினோம். அதில் அவர் பெயர். கீழே, "சத்தமாச் சொல்லு அம்மிணி".

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேனோ இல்லையோ, கரண்ட் போய்விட்டது. சரிதான் என்று கல்மேடையில் ஏறினேன். முப்பத்தஞ்சு வருஷம் வகுப்பில் கத்தினவள்தான். "சார்" என்றேன். முதல் வரிசைக்கே கேட்டிருக்காது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"சார்! அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறனுங்க சார்! நீங்க வாங்கிக் குடுத்த வேலைங்க!"

எதிர்ச்சரிவுப் பாறைமேல் ஒரு கிழவி நின்றிருந்தாள். பார்வதியக்கா! விழாவுக்கு வராமல் அங்கே போய் நின்றிருக்கிறாள். தூறலில் நனைந்துகொண்டு, குடையை மடக்கியே வைத்திருந்தவள், இப்போது அதை விரித்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது மழைக்கு விரித்த குடை இல்லை.