திமிங்கிலமும் புருலாயும்

தெமிர்பெக் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பஜாருக்குப் பின்னால் இருந்த டீக்கடையில். அவனோடு சேர்த்து நாற்பத்தொரு பேர். பிஷ்கெக் நகரத்தில் பேனர், அழைப்பிதழ், மிட்டாய்ப் பெட்டி, கல்லறைக் கல் என்று எதையாவது கம்ப்யூட்டரில் வரைந்து பிழைப்பவர்கள். எல்லோரும் வரைவது ஒரே மென்பொருளில். அதன் பெயர் விரெல்லா. எங்கோ ஒரு சின்னக் கம்பெனி அதை நடத்திக்கொண்டிருந்தது. போன வாரம் ஒரு பெரிய கம்பெனி அதை வாங்கிவிட்டது.

பெரிய கம்பெனிக்கு இவர்கள் வைத்த பெயர் திமிங்கிலம். கடலே இல்லாத நாட்டில் நாற்பத்தொரு ஆண்பிள்ளைகள் திமிங்கிலத்துக்குப் பயந்து சாப்பாடு இறங்காமல் கிடந்தார்கள். விலையை ஏற்றுவான் என்றார் ஒருவர். மாதா மாதம் வாடகை கேட்பான் என்றார் இன்னொருவர். நம் படங்களையெல்லாம் உருவி விற்பான் என்றார் மூன்றாமவர். கல்லறைக் கல்லில் முகம் வரைகிற ஒஸ்மோன் மட்டும், மொத்தமாக மூடிவிடுவான் என்றான். முடிவுத் தேதி எழுதுவதே தன் தொழில், தனக்குத் தெரியும் என்றான். ஒருத்தர் கோபத்தில் விரெல்லாவை அழித்தார், பயத்தில் திரும்பப் போட்டார், வெட்கப்பட்டு மறுபடி அழித்தார்.

ஆனால் உள்ளபடியே நடுங்கியவன் தெமிர்பெக்தான். ஒன்பது வருஷமாக அவன் வரைந்து சேர்த்த கோலங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஆட்டுக்கொம்பு வளைவு, கழுகுச் சிறகு, கூடாரத்தின் உச்சி வளையம் என்று ஒவ்வொன்றும் கைவலிக்க வரைந்தது. விரெல்லாவைத் தவிர வேறு எதிலும் அவை திறக்காது. விரெல்லா போனால் அவனிடம் மிஞ்சுவது ஒரு மௌஸ்தான். அதை வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வயதில் எந்தக் கதவைத் தட்டுவது?

பயந்தவன்தான் உரக்கப் பேசுவான். சத்தியத்தின் வாசகத்தை எழுதியவனும் அவனே. யாரும் நழுவ முடியாதபடி எழுதினான். "திமிங்கிலத்தோட சம்மதப் பொத்தானை என் கை அழுத்தாது. என் பேரையும் என் போன் நம்பரையும் அதுக்குக் குடுக்க மாட்டேன். குடுத்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்." எல்லோரும் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், பிறகு தின்றார்கள். கீழே விழுந்த ரொட்டித் துணுக்கைக்கூட எடுத்து உயரத்தில் வைக்கிற ஊர் இது. ரொட்டி எப்படி அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பயம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினான். திமிங்கிலம் அந்த ஒயர் வழியாகத்தான் வரும் என்பது அவன் கணிப்பு.

அவன் மனைவி புருலாய்க்கு நோட்டரி ஆபீஸில் எழுத்தர் வேலை. பதினாறு வருஷமாக ஊர்ப் பத்திரங்களைக் கடைசி வரி வரை படிக்கிறவள். தெருவில் துண்டு நோட்டீஸ் கொடுத்தால்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் மடிப்பாள். சாயங்காலமானால் நரின் ஊரில் இருக்கிற தங்கையை முகம் பார்த்துப் பேசுவது அவள் வழக்கம். ஒயர் போனதும் அதுவும் போனது. ஏன் என்று கேட்டாள். பாதுகாப்பு என்றான். யாருக்கு என்று கேட்டாள். நம் கலாசாரத்துக்கு என்றான். அவன் கையில் போன் இருந்தது. சத்தியம் செய்தவர்களின் போன் குழுவில் புலம்புவதற்கு அந்த இன்டர்நெட் மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புருலாய் அதையும் பார்த்தாள். டீ ஊற்றினாள். அவள் கத்தியிருந்தால் தெமிர்பெக் நிம்மதியாக இருந்திருப்பான்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கே நிர்வாகியான ஜூராகான் அக்கா வீட்டில் விசேஷம். நடை பழகுகிற பேரனின் கால்களைக் கருப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றால் கட்டி, பிள்ளைகளை ஓடவிட்டு, முதலில் வந்தவன் கையால் அந்தக் கயிற்றை வெட்டுகிற விசேஷம். அதற்கு மூன்று மீட்டர் பேனர். கோலமெல்லாம் கோத்தாகிவிட்டது, நடுவில் குழந்தையின் படம்தான் பாக்கி. போனில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் குழந்தைக்கு முகமே இல்லை. முழுப் படத்தை கம்ப்யூட்டருக்கு இறக்க வேண்டும். அச்சுக்கடை ஆறு மணிக்கு மூடும்.

இரண்டே நிமிஷம் என்று ஒயரைச் சொருகினான். படம் வந்தது. கூடவே திமிங்கிலமும் வந்தது. திரை ஒரு முறை வெளுத்தது. கோலங்கள் மறைந்தன. அந்த இடத்தில் ஒரு கடிதம் நின்றது: விரெல்லா இனி எங்கள் குடும்பம், தொடர்ந்து பயன்படுத்தப் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துச் சம்மதம் அழுத்தவும். ஒயரைப் பிடுங்கிப் பார்த்தான். கடிதம் அசையவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். கடிதம் முன்னைவிடத் தெளிவாக வந்தது.

மணி இரண்டேகால். அறுநூற்றுப் பன்னிரண்டும் அந்தக் கடிதத்துக்குப் பின்னால்தான் இருக்கின்றன. முழங்கையால் அழுத்தலாமா என்று யோசித்தான். முழங்கையும் கையில்தான் சேர்த்தி. மூக்கால் அழுத்தலாம், ஆனால் பெயரும் நம்பரும் யாருடையது? தான் எழுதிய சத்தியத்தைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டையே இல்லை. இவ்வளவு நன்றாக எழுதியிருக்க வேண்டாமே என்று முதல் முறையாக வருத்தப்பட்டான்.

அப்போதுதான் சமையலறையில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. புருலாய்க்குக் கை இருக்கிறது. பெயர் இருக்கிறது. நம்பர் இருக்கிறது. சத்தியம் மட்டும் இல்லை. தெமிர்பெக்குக்குத் தன் மூளையைத் தானே தட்டிக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒன்பது நாளாகத் திமிங்கிலத்தைத் திட்டிவிட்டு இப்போது அதன் காலில் விழப் போகிறேன் என்று மனைவியிடம் எந்த வாயால் சொல்வது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான்.

"புருலாய், இங்க வா. உனக்கு ஒரு பரிசு தரப் போறேன்."

கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பிறந்தநாளுக்கே மறந்துபோகிற மனுஷன் பரிசு என்றதும் முதலில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன பரிசு?"

"விரெல்லா. இனிமே உன் பேர்ல இருக்கட்டும். இந்த வீட்ல எல்லாமே என் பேர்லயே இருக்கு, எனக்கே கூச்சமா இருக்கு."

"வீடு எங்க அப்பா பேர்ல இருக்கு."

"சரி, மத்ததெல்லாம்."

"விரெல்லான்னா வெறும் விரெல்லாவா, உங்க கோலங்களும் சேர்த்தா?"

"எல்லாம் சேர்த்துத்தான். நீ வேற நான் வேறயா?"

"நம்பரும் என்னோடதா?"

"உன்னோடதேதான். என்னோடதைப் போட்டா அப்புறம் அது என்ன பரிசு?"

"பின்னாடி திருப்பிக் கேட்கக் கூடாது."

"பரிசை எவனாவது திருப்பிக் கேட்பானா? இந்தா, இந்தப் பொத்தான்தான். லேசா ஒரு அழுத்து."

புருலாய் அழுத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டினாள். சம்மதப் பொத்தானுக்கு மேலே 'நிபந்தனைகள்' என்று பொடி எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது. அதைத் தொட்டாள். முப்பத்தெட்டுப் பக்கம் திறந்தது. முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

தெமிர்பெக்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான். அவள் நான்காம் பக்கத்தில் இருந்தாள். டீ கேட்டாள், போட்டுக் கொடுத்தான். கூட ஜாம் கேட்டாள், கொடுத்தான். மணி மூன்றே முக்கால் ஆனபோது பதினொன்றாம் பக்கத்திலிருந்து மறுபடி ஆறாம் பக்கத்துக்குப் போனாள், ஏதோ பொருந்தவில்லையாம். ஜூராகான் அக்கா கீழே முற்றத்தில் யாரிடமோ பேனரின் அழகைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது மூன்றாம் மாடி வரை கேட்டது.

"எல்லாரும் படிக்காமத்தான் அழுத்துவாங்க புருலாய்."

"தெரியும். அப்புறம் அழுதுகிட்டு எங்க ஆபீஸுக்குத்தான் வருவாங்க."

பிறகு வேறு வழியில்லாமல் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தான். பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சர் முன்னால் உட்கார்ந்ததுபோல் இருந்தது. இருபத்தாறாம் பக்கத்தில் அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

நாலு ஐம்பதுக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். பெயரை அடித்தாள். நம்பரை அடித்தாள். சம்மதத்தை அழுத்தினாள். தெமிர்பெக் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், ரொட்டி பார்த்துக்கொண்டிருந்தால் தெரியட்டும் என்று.

திரை விழித்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு கோலங்களும் ஒன்று குறையாமல் வரிசையாக வந்து நின்றன. தெமிர்பெக்குக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒன்பது நாளாக எது போய்விடுமோ என்று அவன் பயந்தானோ அவ்வளவும் கண்ணெதிரே இருந்தது. திமிங்கிலம் எதையும் விழுங்கவில்லை. மௌஸைப் பிடித்து ஆட்டுக்கொம்பு ஒன்றை இழுத்தான். அது வரவில்லை. இன்னொன்றை இழுத்தான். அதுவும் வரவில்லை. மூலையில் இரண்டு வரி தெரிந்தது. உரிமையாளர்: புருலாய். விருந்தினர்: தெமிர்பெக், பார்க்கலாம், தொட முடியாது.

"இது என்ன?"

"இருபத்தாறாம் பக்கம். எந்தப் பேர்ல சம்மதம் போகுதோ அவங்கதான் உரிமையாளர். படமும் அவங்களுக்குத்தான். ஏற்கெனவே இருந்தவர் விருந்தாளி."

"என் படம் புருலாய். ஒன்பது வருஷம்."

"பரிசாக் குடுத்தீங்க. நான் மூணு தடவை கேட்டேன்."

மணி அஞ்சு. தெமிர்பெக் கோபப்பட்டுப் பார்த்தான். கோபத்துக்கு நேரம் போதவில்லை. கெஞ்சினான். தொட அனுமதி வேண்டும் என்றான். தாராளமாகத் தருகிறேன் என்றாள். ஆனால் அனுமதி கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, உரிமையாளர் தன் நிபந்தனையை எழுதலாம், விருந்தினர் சம்மதிக்க வேண்டும், அது முப்பத்தொன்றாம் பக்கம் என்றாள். எழுதவும் ஆரம்பித்தாள். பதினாறு வருஷம் பத்திரம் அடித்த விரல்கள், நாலே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். எங்கேயும் நிறுத்தி யோசித்ததாகத் தெரியவில்லை.

இதன் பின் 'பயனாளர்' எனக் குறிப்பிடப்படும் தெமிர்பெக் ஆகிய நீங்கள், என்று ஆரம்பித்தது. பயனாளர் வீட்டின் இன்டர்நெட் ஒயரை எக்காரணம் கொண்டும் பிடுங்கக் கூடாது. பால்கனியில் அடைத்து வைத்திருக்கும் பழைய பேனர்களை ஏழு நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும். சாப்பிடும்போது குழுவில் புலம்பக் கூடாது. கோடைக்காலத்தில் நரினுக்கு, உரிமையாளரின் தங்கை வீட்டுக்கு, முகம் சுளிக்காமல் வர வேண்டும். சுளித்ததா இல்லையா என்பதை உரிமையாளரே முடிவு செய்வார். மீறினால் முன்னறிவிப்பின்றி அனுமதி ரத்து.

"இதுல ஒண்ணு ரெண்டு பேசித் தீர்த்துக்கலாமே."

"பேசலாமே. அச்சுக்கடை திங்கட்கிழமை திறப்பாங்க."

கீழே ஒரு சம்மதப் பொத்தான் இருந்தது. இது திமிங்கிலத்தின் பொத்தான் இல்லை, புருலாயின் பொத்தான். ரொட்டிக்கு இதில் ஆட்சேபணை இருக்க முடியாது. தெமிர்பெக் தன் சொந்தக் கையால் அழுத்தினான். ஆட்டுக்கொம்புகள் அசைந்தன. குழந்தையின் படத்தை நடுவில் வைத்து, பெயரைச் சரிபார்த்து, அச்சுக்கடைக்கு அனுப்பியபோது மணி அஞ்சு ஐம்பத்திரண்டு. பக்கத்து அறையில் புருலாய் தங்கையோடு முகம் பார்த்துப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பேனருக்கு முன்னால் பிள்ளைகள் ஓடினார்கள், கயிறு வெட்டப்பட்டது, குழந்தை இரண்டடி நடந்து உட்கார்ந்தது. ஜூராகான் அக்கா கோலத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். ஒஸ்மோனும் வந்திருந்தான். கறித் தட்டு அவர்கள் பக்கம் வருவதற்குள் தெமிர்பெக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். பேனரைக் கண்ணால் காட்டினான்.

"விரெல்லால போட்டதுதானே? அப்போ திமிங்கிலத்துக்குச் சம்மதம் குடுத்துட்டியா?"

"சத்தியமா இல்லை. என் கை படவே இல்லை."

"பின்ன எப்படித் திறந்துச்சு?"

தெமிர்பெக் அக்கம்பக்கம் பார்த்தான். எதிர் மேஜையில் புருலாய் நாலைந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒஸ்மோனின் மனைவியும் அதில் இருந்தாள். அவமானமாக இருந்தாலும், நண்பனிடமாவது சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று தோன்றியது.

"எங்க வீட்டை வேற கம்பெனி வாங்கிடுச்சு ஒஸ்மோன். நிபந்தனையெல்லாம் ரொம்பக் கடுமை."

ஒஸ்மோன் அவன் தோளில் கை போட்டான்.

"எங்க வீடு செவ்வாய்க்கிழமையே போயாச்சு. நிபந்தனை எழுதிக் குடுத்தது உன் வீட்டுக்காரிதான்."