சாகாதவருக்கு ஒரு சாவு

"எட்டு எங்கேய்யா? ஷாட் ரெடி, எட்டைக் கூப்பிடு!"

கூப்பிட்டவர்களின் கண்ணெதிரில்தான் எட்டு நின்றுகொண்டிருந்தார். முகமூடி இல்லாமல் நின்றதுதான் அவர் செய்த தப்பு. இணை இயக்குநர் அவரை இரண்டு தடவை கடந்து போனார். மூன்றாவது தடவை, "யோவ், வழியில நிக்காதே, தள்ளு" என்று தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, மறுபடியும் எட்டைத் தேடிக்கொண்டு ஓடினார்.

படம் பெரிய படம். வேறு கிரகத்திலிருந்து வந்த எட்டுப் பேர், சாகாவரம் பெற்றவர்கள், ஆதி காலத்திலிருந்து மனித குலத்தை மறைந்திருந்து காப்பாற்றி வருகிறார்கள் என்பது கதை. முதலாமவர் பறப்பார். இரண்டாமவர் கண்ணால் எரிப்பார். மூன்றாமவள் கடலைக் கையால் விலக்குவாள். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு சக்தி. எட்டாமவருக்கு என்ன சக்தி என்று யாரும் இதுவரை யோசிக்கவில்லை. நெற்றி முதல் மோவாய் வரை செம்பு நிறத்தில் ஒரு தோல் முகமூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வரிசையில் கடைசி இடம். மற்றவர்கள் பேசும்போது பின்னால் நின்று தலையாட்ட வேண்டும். மனித குலம் பிழைத்துக்கொண்டதும் எல்லோருடனும் சேர்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேஷம்.

முகமூடிக்குள் இருந்தவர் நாடக மேடையில் ராஜாவாகவே நடித்துப் பழகியவர். தன் முகத்தைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. இந்தப் படத்துக்கு ஆள் எடுத்தபோது போய் நின்று, அழுது காட்டி, சிரித்துக் காட்டி, கர்ஜித்தும் காட்டிவிட்டு வந்தார். ரொம்ப நாள் பதிலே இல்லை. அப்புறம் திடீரென்று கூப்பிட்டார்கள். "டைரக்டருக்கு என் முகத்தை மறக்க முடியலை, அதான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"மறக்க முடியாத முகத்தை எதுக்கு மாப்ளே மூடி வெச்சிருக்காங்க?" என்று மனைவியின் அண்ணன் கேட்டார்.

அண்ணன் பார்சல் ஆபீஸ் வைத்திருப்பவர். எதையும் கட்டி, ஒட்டி, அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். தங்கையின் வீட்டுக்காரரையும் அப்படி ஒரு இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியாத்தான் கிடக்கு. அங்க முகமூடியெல்லாம் கிடையாது. வர்றவங்க போறவங்க எல்லாரும் உங்க மூஞ்சியைத் தாராளமாப் பாக்கலாம்."

"மச்சான், நான் கலைஞன்."

"சரி, படம் வரட்டும். அதுல நீங்கதான்னு ஒரே ஒரு இடத்துலயாவது தெரிஞ்சுதுன்னா நான் வாயை மூடிக்கறேன். தெரியலைன்னா மறுநாளே வந்து நாற்காலியில உக்காந்துடணும். சம்மதமா?"

வீம்புக்கு எட்டு சம்மதித்துத் தொலைத்தார். மனைவி தண்ணீர்ச் செம்போடு நடுவில் நின்றிருந்தாள். அவள் இருவரையும் பார்த்தாள். காரின் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் நடக்கும் வீர வசனங்களுக்கு நடுவில் புகுந்து பேசத் தெம்பு கிடையாது.

அன்று சாப்பிடும்போது அவர் பொருமித் தள்ளினார்.

"எந்த மடையன் இந்த முகமூடியைக் கண்டுபிடிச்சானோ! அவன் நல்லாவே இருக்க மாட்டான்."

"ரொம்ப வேர்க்குதா?"

"வேர்க்கறது கிடக்கட்டும். அளவுல மட்டும் குறை சொல்ல முடியாது. மத்தவங்க உடுப்பையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சாங்க. எனக்கு முதல் நாளே கச்சிதம். வேஷம் எனக்குன்னே பிறந்திருக்கு, முகம்தான் இல்லாமப் போச்சு."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களா?" என்றாள் அவள்.

மறுநாள் இணை இயக்குநரைப் பிடித்தார். முகம்தான் இல்லை, குரலாவது இருக்கட்டும் என்பது திட்டம். குரல் தெரிந்தால் மச்சான் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில் ஒரு வரி கிடைத்தது. 'நாங்கள் இருக்கும்வரை உங்களுக்கு அழிவில்லை!' அதைக் குளியலறையில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், தூக்கத்திலும் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

படப்பிடிப்பில் சொன்னதும் ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்.

"வாயில சோத்தை அடைச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு. என்ன சொல்றாரு இவரு?"

"அழிவில்லைங்கறாரு."

"இழவுன்னு விழுதுய்யா. விடுங்க, கணீர்னு குரல் உள்ள ஆள் யாரையாவது வெச்சு அப்புறமாப் பேசிக்கலாம்."

அதுவரை மௌனமாவது அவருக்குச் சொந்தமாக இருந்தது. இப்போது அதையும் இன்னொருவருக்குக் கொடுத்தாயிற்று.

கேண்டீனில் கதாசிரியர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிக் கட்டம் சப்பென்று இருக்கிறது என்று தயாரிப்பாளர் மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். எட்டு எதிரில் போய் உட்கார்ந்தார்.

"சார், எட்டாமவர் செத்துட்டா எப்படி இருக்கும்?"

"யோவ், சாகாவரம்யா! அதான் கதையே!"

"அதனாலதான் சார் சொல்றேன். சாகவே முடியாத ஒருத்தன், மனுஷங்களுக்காக வரத்தைத் திருப்பிக் குடுத்துட்டுச் சாகறான். ஏழு பேரும் ஓடி வர்றாங்க. மடியில போட்டுக்கறாங்க. அப்ப..." எட்டின் குரல் தழுதழுத்தது. "அப்ப முதல் தடவையா அந்த முகமூடியைக் கழட்டறாங்க."

கதாசிரியர் டீயைக் குடிக்காமலே எழுந்து ஓடினார்.

சாயங்காலத்துக்குள் சாவு உறுதியாகிவிட்டது. தன் சாவுச் செய்தியை இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்த மனுஷர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

"என்னைக் கொல்லப்போறாங்க! முகமூடியைக் கழட்டி, முகத்தைத் திரை முழுக்கக் காட்டப்போறாங்க!"

மனைவியின் முகம் வெளுத்துப்போயிற்று.

"கழட்டறாங்களா? எதுக்குங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"என்னது?"

"இல்லைங்க, செத்துட்டா ரெண்டாம் பாகத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டாங்களே. முகமூடியோட இருந்தா வருஷக்கணக்கா வேலை இருக்கும். வயசானாக்கூடத் தெரியாது."

"வயசானாத் தெரியாதாம்! உங்க அண்ணன் புத்தி உனக்கும் வந்துடுச்சா? ஒரு நிமிஷம் என் முகம் தெரியறதுக்காக நான் பத்துப் பாகத்தை விட்டுக்குடுப்பேன்."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்..."

"கேட்டது போதும். கட்டின பொண்டாட்டிக்கே என் முகத்து மேல நம்பிக்கை இல்லை. அதைச் சொல்லிட்டுப் போ."

அவள் பாயை விரித்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவளின் தோள் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது. தன் சாவுக் காட்சிக்கு எந்தக் கண்ணில் முதலில் நீர் வரவேண்டும் என்ற யோசனையில் இருந்தவருக்கு அது கண்ணில் படவில்லை.

கதையைக் கேட்டுத் தயாரிப்பாளர் துள்ளிக் குதித்தாராம். "முகமூடியைக் கழட்டினா உள்ள ஒரு பெரிய முகம்! தியேட்டரே எழுந்து நிக்கும்ல!" பெரிய முகத்துக்கு உடனே ஆள் போயிற்று. மூத்த நட்சத்திரம் ஒருவர், பழைய பழக்கத்துக்காக ஒரு நாள் வந்து படுத்துக்கொடுக்க ஒப்புக்கொண்டார்.

அதாவது, அடிபடுவது எட்டு. நெருப்பில் விழுவது எட்டு. சேற்றில் புரள்வதும் எட்டுதான். முகமூடி கழன்றதும் உள்ளே இருப்பது வேறு ஆள். ஐடியா கொடுத்தவருக்கு ஒரு நன்றிகூட வரவில்லை. முட்டியில் மட்டும் சிராய்ப்பு இருந்தது.

எட்டுக்கு வயிறு எரிந்தது. மூத்த நட்சத்திரம் வந்த அன்று, முகமூடியை மாட்டிக்கொண்டு ஒப்பனை வண்டிக்குள் நுழைந்துவிட்டார்.

"ஐயா, உங்க ரசிகர்கள் தாங்குவாங்களா?"

"எதைத் தாங்கணும்?"

"நீங்க சாகறதை. அதுவும் நேத்து வந்த பசங்க ஏழு பேரு மடியில. அதுவும் வரிசையில எட்டாவதா."

மூத்த நட்சத்திரத்தின் ஒப்பனை பாதியில் நின்றது.

"எட்டாவதா? நானா? என்கிட்ட முக்கியமான வேஷம்னுதானே சொன்னாங்க!"

பத்து நிமிஷத்தில் அவருடைய கார் கிளம்பிப் போயிற்று. எட்டு முகமூடிக்குள் சிரித்துக்கொண்டார். இனி என் முகம்தானே என்று நினைத்தார். மனுஷர் நினைப்பதெல்லாம் நடந்தால் சாகாவரக்காரர்களுக்கு வேலை ஏது?

தயாரிப்பாளர் கை விரித்தார். "பெரிய முகம் இல்லைன்னா கழட்டவே வேண்டாம். மூடியபடியே போகட்டும், ஒரு மர்மமா இருக்கும்."

"அப்ப சாவு?" என்றார் இணை இயக்குநர்.

"சாவு நல்லாயிருக்கு. அது இருக்கட்டும்."

ஆக, எட்டுக்கு முகம் இல்லை, குரல் இல்லை, இப்போது உயிரும் இல்லை. இரண்டாம் பாகமும் இல்லை. பார்சல் ஆபீஸ் நாற்காலி மட்டும் இருந்தது.

இனி நேரே தலையிடம் போவதுதான் வழி. இயக்குநர் தனியாக மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எட்டு போய்க் கை கூப்பினார்.

"யாருப்பா நீ? இந்த ஆளை யாருய்யா உள்ள விட்டது?"

எட்டு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அட, எட்டு! வாய்யா வாய்யா, நேத்து என்னமாப் புரண்டே! என்ன வேணும்?"

அவருக்கு அழுகை வந்தது, முகமூடிக்குள் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. "சார், இத்தனை மாசம் இதுக்குள்ள இருந்துட்டேன். வேற எதுவும் கேக்கலை. சாகும்போது ஒரே ஒரு தடவை என் முகத்தைக் காட்டுங்க சார். எங்க வீட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

இயக்குநர் கெட்டவர் இல்லை. அன்றைக்குத் தலைவலியும் இல்லை போலிருக்கிறது.

"சரி, அழாதே. ஒண்ணு எடுத்துத்தான் பாப்போமே."

ஏழு பேரும் சூழ்ந்தார்கள். முதலாமவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாமவள் நடுங்கும் விரலால் முகமூடியை மெல்ல விலக்கினாள். வெளிச்சம் வந்து முகத்தில் விழுந்தது. மேடையில் செத்த அத்தனை ராஜாக்களையும் எட்டு அந்த நிமிஷம் தன் முகத்துக்குக் கொண்டுவந்தார். இடது கண்ணில் நீர் திரண்டது. உதடு துடித்தது. மனித குலத்தைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"கட்."

யாரும் கை தட்டவில்லை. இரண்டாமவர் இருமினார், அது இருமல்தானா என்பதில் எட்டுக்குச் சந்தேகம் இருந்தது. இயக்குநர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மூஞ்சியை எங்கேயோ பாத்திருக்கேனே."

"ஆமா சார்!" என்று செத்துக்கிடந்தவர் துள்ளி எழுந்தார். "ஆள் எடுத்தப்ப வந்திருந்தேன் சார்!"

"அதானே பாத்தேன்." இயக்குநர் இணை இயக்குநர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியது போதவில்லை. "இது வேண்டாம். முகமூடியோடவே எடுத்துக்க. இந்த ஆள் மறுபடி அழுவாரு, படுக்கறதுக்கு வேற யாரையாவது போடு."

செட் போட்ட தச்சர் ஒருவர், கிட்டத்தட்ட அதே உடம்பு, சும்மாதான் நின்றுகொண்டிருந்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வேட்டைக்குப் போகிறவர்போல் கைகளை உதறிக்கொண்டு அவர் முன்னால் வந்தார்.

"உடுப்பையும் முகமூடியையும் உடை அறையில குடுத்துட்டுப் போங்க சார்" என்றார் இணை இயக்குநர். முதல் தடவையாக அவரைச் சார் என்று கூப்பிட்டது அப்போதுதான்.

உடை அறையில் உடை மாஸ்டர் முதலாமவரின் இறக்கையில் விட்டுப்போன தையலைப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டு முகமூடியை மேஜைமேல் ஓங்கி அடித்தார். இத்தனை மாதத்து எரிச்சல், மச்சானின் சிரிப்பு, தச்சரின் சுத்தியல் எல்லாம் சேர்ந்து அவர் வாயில் வந்தன.

"இந்தாங்க, வெச்சுக்குங்க! எல்லாம் இதால வந்த வினை. இதைத் தெச்ச கை மட்டும் என்கிட்ட மாட்டிச்சு, உடைச்சுப் போட்டுடுவேன்! யாரு மாஸ்டர் அது? நீங்களா?"

மாஸ்டர் ஊசியை நிறுத்தினார். எட்டை ஏற இறங்கப் பார்த்தார். முகமூடியைக் கையில் எடுத்து, அடிபட்டு மடங்கிப்போன ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"கதையில ஏழே பேருதான் சார் இருந்தாங்க, உங்க மூஞ்சி சரிப்படாதுன்னு டைரக்டர் ஒதுக்கிட்டாருன்னு தெரிஞ்சதும், மூஞ்சியே தேவைப்படாத எட்டாவது ஆள் ஒருத்தரை வெச்சுக்கச் சொல்லுங்கன்னு, இதைத் தெச்சு எடுத்துக்கிட்டு வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதது உங்க வீட்டம்மாதானே, உங்ககிட்ட சொல்லலையா?"