கணினியை மூட்டை கட்டுவது தொடர்பாக

ஆண்டிமடம்,
வியாழக்கிழமை, காலை.

பெரம்பலூரில் வசிக்கும் பெருமதிப்பிற்குரிய அண்ணன், ஓய்வுபெற்ற நடத்துநர் திரு. கொளஞ்சி அவர்களின் மேலான பார்வைக்கு, தங்கை வேம்பு பணிந்து எழுதுவது.

இவ்விடம் நானும் கணினியும் நலம். அவ்விடம் தாங்கள் நலமா என்று கேட்பது முறை. ஆனால் தாங்கள் நலமாயிருக்கிறீர்கள் என்பதை இருநூற்றுப் பதினோரு பேருக்கு நானே எழுத்து மூலம் உறுதி செய்திருப்பதால், அக்கேள்வியைத் தவிர்க்கிறேன்.

தாங்கள் நேற்று முன்தினம் தொலைபேசியில், "ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துக்கிட்டு வரேன். அந்தப் பொட்டிய மூட்டையா கட்டி வையி. அது கண்ணு தெரியாத பொட்டி. உனக்கு அதுவும் ஆகாது, அதுக்கு நீயும் ஆகாது" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தீர்கள். அதன்பின் நான் அனுப்பிய செய்திகளைத் தாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதைச் சாம்பல் நிறக் குறிகள் காட்டுகின்றன. ஆகவே இதைத் தாளில் அச்சிட்டு, தங்களிடம் தொழில் பழகிய நடத்துநர் தம்பி பிரசாத் வசம் பேருந்திலேயே அனுப்புகிறேன். பேருந்தில் வருவதைத் தாங்கள் மறுக்கமாட்டீர்கள்.

தங்கள் மகன் பரணிதரன் ஓசூருக்கு வேலைக்குப் போனபின் மூலையில் துணி போர்த்திக் கிடந்த கணினியைத் தாங்கள் எனக்குத் தந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. தந்த அன்று, "எட்டாவதோட நின்னவளுக்கு இது என்னத்துக்கு, டீவி மாதிரி பாத்துக்கிட்டு இரு" என்றீர்கள். நான் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. எவரிடமும் பாடம் கேளாமல், நூலகத்தில் இருந்த அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தையும் கணினிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கங்களையும் துணைகொண்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே 'வேம்பு கணினி எழுத்தகம்' என்று பலகை வைக்கும் அளவுக்கு வளர்ந்தேன். இன்று ஆண்டிமடத்தில் மனு எழுத வேண்டியவரும், முந்திரிக்கொட்டை சங்கத்துக் கூட்ட அறிக்கை தட்ட வேண்டியவரும், காதுகுத்துக்கு அழைப்பிதழ் வேண்டியவரும் என் வாசலில்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

கடையில் வாங்கிய கணினி கடைக்காரர் கணினியாகவே இருக்கும்; அதை நம்முடையதாக ஆக்கிக்கொள்வது தனிக் கலை. திரையில் முன்பு எந்த நாட்டு மலையோ தெரியவில்லை, பனி மூடிக் கிடந்தது. ஆண்டிமடத்து வெயிலில் அதைப் பார்த்தால் ஜலதோஷம் வருவதுபோல் இருக்கும். இப்போது காலையில் திருமழபாடிக் கொள்ளிடக்கரை, நண்பகலில் நம் முந்திரித்தோப்பு, மாலையில் பேருந்துப் படிக்கட்டில் விசிலோடு நிற்கும் தங்கள் திருவுருவம் என்று நேரத்துக்கேற்பத் தானாக மாறும்படி அமைத்திருக்கிறேன். சுட்டியின் அம்பு எறும்பளவு இருந்ததைக் குங்கும நிறத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கினேன். எந்தக் கோப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் பெயரில் இரண்டு எழுத்து சொன்னவுடன் இழுத்து வந்து நிறுத்தும் ஒரு சிறு நிரல், நகலெடுத்த கடைசி ஐம்பது விஷயங்களை மறவாமல் வைத்திருக்கும் ஒரு சிறு நிரல், முக்கால் மணிக்கொரு தரம் திரையைத் தானே மூடி "கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்" என்று எனக்கே உத்தரவிடும் ஒரு சிறு நிரல் என்று எத்தனையோ. எல்லாம் விலையில்லாதவை, எல்லாம் ஒரு புகைப்படத்தைவிடச் சிறிய அளவுடையவை. ஒருமுறை, வாரிசுச் சான்றிதழ் மனு கொண்டுவந்தவர் அவசரத்தில் நிற்கையில் அந்தக் கடைசி நிரல் திரையை மூடிவிட்டது. அவரும் நானும் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "மூணு மாசமா இப்பதாங்க ஒரு நிம்மதி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆனால் இவை யாவற்றிலும் மேலானது குரல். தாங்கள் ஓய்வு பெற்ற நாளில், கடைசி ட்ரிப்பில், முன் இருக்கையில் அமர்ந்து என் தொலைபேசியில் தங்கள் குரலைப் பதிவு செய்தேன், நினைவிருக்கிறதா? "என்னா புள்ள, போட்டோவா?" என்று சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்தீர்கள். அந்தக் குரலைத் துண்டு துண்டாக வெட்டிக் கணினியின் ஓசைகளுக்குப் பதிலாகப் பொருத்தியிருக்கிறேன். பென்டிரைவைச் செருகினால் "ஏறுங்க, ஏறுங்க, உள்ள போங்க" என்கிறது. எடுத்தால் "பாத்து எறங்குங்க". பிழை நேர்ந்தால் நீண்ட விசில். அச்சு முடிந்ததும், வந்தவர் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க நினைவூட்டும் விதமாக, "யாரு இன்னும் டிக்கெட் எடுக்கல?"

ஆரம்பத்தில் சில இடர்ப்பாடுகள் இருந்தன, மறைக்கமாட்டேன். பக்கத்து வீட்டுப் பூமாலை பென்டிரைவோடு வந்த நாளில், உள்ளே போகச் சொன்ன குரலுக்கு மதிப்பளித்து நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே கேட்டாள்: "ஏங்க்கா, ஒங்கண்ணன் எப்ப வந்தாரு? ஆளக் காணோம், சத்தம் மட்டும் வருது?" விளக்கிச் சொன்னதும் கன்னத்தில் கைவைத்து, "கட்டுன பொண்டாட்டிகூட இவ்ளோ நாளு அந்தக் கொரல வச்சிக்க மாட்டாங்க்கா" என்றாள். நான் பெருமைப்பட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி, தங்கள் மணிவிழா அழைப்பிதழ் விஷயம்.

என்னிடம் ஒரு சிறு நிரல் இருக்கிறது. இரண்டு புள்ளியும் ஓர் எண்ணும் தட்டினால் போதும். முன்பே எழுதிவைத்த முழு வாக்கியத்தையும் அதுவே விரித்து எழுதிவிடும். ஒன்று என்றால் "மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் மேலான சமூகத்திற்கு". நான்கு என்றால் "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்". ஏழாம் எண்ணில் "தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து வாழ்த்தியருள வேண்டுகிறோம்" என்றும், பத்தாம் எண்ணில் "அன்னாரின் பிரிவால் வாடும் உற்றார் உறவினர் அனைவரும் இறுதி மரியாதை செலுத்த வருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றும் வைத்திருந்தேன். நான் ஒழுங்கை விரும்புகிறவள். அழைப்பிதழுக்கு முந்தைய நாள், எது அதிகம் பயன்படுகிறதோ அது முன்னே வரட்டும் என்று பட்டியலைச் சீர்செய்தேன். இவ்வூரில் விசேஷத்தைவிடத் துக்கம் அதிகம் நடப்பது என் குற்றமன்று. பத்து ஏழுக்கு வந்துவிட்டது. என் விரல் மட்டும் பழைய ஏழிலேயே இருந்தது.

சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். உருப்பெருக்கியில் ஒவ்வொரு வரியாக வைத்து மும்முறை பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தனித்தனியே பிழையற்றிருந்தது. மேலே 'மணிவிழா அழைப்பிதழ்' என்ற தலைப்பை நான் புதிதாக இறக்கிய, கொடிபோல் வளையும் எழுத்துருவில் அமைத்திருந்தேன்; அந்த எழுத்துரு பிறர் தொலைபேசிகளில் இல்லாததால் அங்கே வெறும் கட்டங்களாகத் தெரிந்திருக்கிறது. ஆக, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்: சில கட்டங்கள், தங்கள் புகைப்படம், பெயர், ஞாயிறு காலை திருமழபாடி என்ற விவரம், இறுதி மரியாதை. மணிவிழாவுக்கு முந்தைய வியாழனன்று வந்த செய்தியில் ஞாயிறு என்றிருந்ததால், பரணிதரன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று உறவினர்கள் தாங்களாகவே தெளிவு பெற்றுக்கொண்டார்களாம்.

பத்தே நிமிடத்தில் பூமாலை தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"அக்கா! அண்ணன் போயிட்டாராமே! நீங்க என்னக்கா கல்லாட்டம் ஒக்காந்து மவுசு உருட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"எந்த அண்ணன்? யாரடி சொன்னது?"

"நீங்கதாங்க்கா அனுப்பிச்சிருக்கீங்க!"

நான் பதறவில்லை. பதறியிருந்தால் எழுத்தகம் எதற்கு? உடனே, "மேற்படி திரு. கொளஞ்சி அவர்கள் உயிருடனும் நல்ல பசியுடனும் உள்ளார். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். மணிவிழாவுக்கு அவசியம் வரவும்" என்று திருத்தம் தட்டி, பெயர்ப் பட்டியலைத் திறந்து, நான்கே நிமிடங்களில் அனுப்பிவிட்டேன். கையால் ஒவ்வொருவரையும் அழைத்திருந்தால் தாங்கள் மூன்று நாட்கள் இறந்தவராகவே இருந்திருப்பீர்கள். இதற்காகக் கணினிக்கு நன்றி சொல்வதா, மூட்டை கட்டுவதா? மீன்சுருட்டி திருமுருகன் ஒருவருக்கு மட்டும் திருத்தம் போகவில்லை. அது கணினியின் கவனக்குறைவு என்று அன்றே தொலைபேசியில் தெரிவித்தேன். யாருக்கும் ஒரு சறுக்கல் உண்டு.

அதன்பின் நடந்ததன் முற்பகுதியைத் தாங்கள் அறியமாட்டீர்கள், குளியலறையில் இருந்தீர்கள். அண்ணியார் வீரம்மாள் என்னிடம் சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் "மாமா விசிலடிக்கிற வண்டியில மச்சினனுக்கு டிக்கெட்டா?" என்று கேட்ட ஒரே குற்றத்துக்காக, ஜெயங்கொண்டம் தாண்டி நடு வெயிலில் தாங்கள் விசிலடித்து இறக்கிவிட்ட அண்ணியாரின் உடன்பிறந்த தம்பி, அன்றுமுதல் தங்கள் வாசல் மிதியாத அதே திருமுருகன், கழுத்தளவு மாலையும் கோடித்துணியுமாக வந்து இறங்கினார். அண்ணியார் வாசலில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பியைக் கண்டதும் அரிவாள்மணையை விட்டு எழுந்து, முகமெல்லாம் பல்லாக, "வாடா, வந்துட்டியா! மாலையெல்லாம் இப்பவே எதுக்குடா, ஞாயித்துக்கெழமதானே?" என்றாராம்.

அக்காளுக்குத் துக்கத்தில் சித்தம் கலங்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டிருக்கிறார்: "எங்கக்கா வச்சிருக்கீங்க?"

"யார? ஒங்க மாமாவா? பாத்ரூம்ல இருக்காரு."

"பாத்ரூம்லயா போட்டு வச்சிருக்கீங்க! குளிப்பாட்டியாச்சா?"

"நான் எதுக்குடா குளிப்பாட்டணும்? அவருதான் ஒரு மணி நேரமா தண்ணிய மோந்து மோந்து ஊத்துறாரே!"

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. மாலையோடு தரையில் உட்கார்ந்து, "என்னைய எறக்கி வுட்டுட்டு நீ மட்டும் போயிட்டியே மாமா!" என்று தெருவே கூடும்படி அலறியிருக்கிறார். அப்போதுதான் தாங்கள் ஈரத் துண்டோடு, "எவன்டா அது, எங்க வூட்டு வாசல்ல ஒப்பாரி வைக்கிறவன்?" என்று வெளியே வந்தீர்கள். பிற்பகுதியைத் தாங்கள் அறிவீர்கள். ஆனாலும் எழுதியே தீருவேன். தாங்கள் அவரை ஏற இறங்கப் பார்த்து, "டிக்கெட் எடுத்துக்கிட்டுதான் வந்தியாடா?" என்று கேட்டதாகவும், அவர் சட்டைப்பையில் துழாவி டிக்கெட்டை எடுத்து நீட்டியதாகவும், தாங்கள் அதை வாங்கி உண்மையாகவே தேதி பார்த்ததாகவும் அண்ணியார் சொன்னார். அந்த ஞாயிறன்று திருமழபாடியில் தங்கள் மணிவிழாவுக்கு முதல் ஆளாக வந்து பந்தி பரிமாறியவரும் அவர்தான்.

இப்படிப்பட்ட கணினியைத்தான் கண் தெரியாதது என்கிறீர்கள். ஊரார் இன்னமும் தங்களைக் கண்டால், "என்னா கொளஞ்சி, எழுந்திரிச்சி வந்துட்டீங்களா?" என்று கேலி பேசுவது வருத்தத்திற்குரியதே. அதற்காகப் பட்டியலைத் திருத்திவிட்டேன். துக்க வாசகத்தைத் தொண்ணூற்றொன்பதாம் எண்ணுக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கணினி போனால் என் பலகை இறங்கும். மறுபடியும் நான் டீவி பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியவள் ஆவேன். ஆகவே மேற்கண்ட காரணங்களைக் கனிவுடன் பரிசீலித்து, மூட்டை கட்டும் உத்தரவைத் திரும்பப் பெற்று ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இவ்வரியை நிரலின் உதவியின்றி, எழுத்தெழுத்தாக நானே தட்டினேன்.

அண்ணியாருக்கு என் வணக்கமும், பரணிதரனுக்கு என் ஆசியும். தங்களுக்கு நூறாண்டு ஆயுள் அமைய வேண்டுமென்று, அதிலும் குறிப்பாக இப்போது, மனமார வேண்டும்

தங்கை,
வேம்பு,
நிறுவனர், வேம்பு கணினி எழுத்தகம்.

பின்குறிப்பு: இதைக் கையால் எழுதுகிறேன். மேற்கண்ட கடிதம் அச்சாகி முடிந்ததும் கணினி தங்கள் குரலில், "யாரு இன்னும் டிக்கெட் எடுக்கல?" என்று கேட்டது. அறையில் என்னைத் தவிர யாருமில்லை. அண்ணா, கணினி யாரையும் விடவில்லை. திருத்தம் அனுப்பும்முன் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயருக்கும் அது சரியாகத்தான் குறி போட்டு நின்றது. திருமுருகன் பெயரைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. நல்ல காரியத்துக்கு அவர் வரமாட்டார், இதற்கென்றால் வருவார் என்று தோன்றியது. அந்த ஒரு குறியை நான்தான் எடுத்தேன். பழியைக் கணினிமேல் போட்டதுதான் தவறு. அது வாய் திறந்து மறுக்காது, அதற்கு இருப்பதும் தங்கள் வாய்தான். என் எழுத்தகத்தில் ஒரு பிழை நடந்தால் அது என் பிழையாக இருக்கட்டும். ஆகவே மேற்கண்ட வேண்டுகோளைத் திரும்பப் பெற்று, மூட்டை கட்டிவிட்டேன். ஞாயிறன்று தூக்க வருகையில் திருமுருகனையும் உடன் அழைத்து வரவும். பெட்டி கனம்; ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் படி இறங்கும்.