கண் விழித்த காசு

1957 சித்திரை. நயா பைசா எடப்பாடிக்கு வந்து சேர்ந்த மாதம்.

புதுக் காசு வந்ததும் பழைய காசுகளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று ஊருக்குப் புதிதாக வந்திருந்த காசுச் சித்தர் கண்டுபிடித்தார். அதற்கு முன் இது ஊரில் யாருக்கும் தெரியாது. காசுகளுக்கும் தெரியாது.

ஊர்த் திடலில் பந்தல் போட்டு யாக குண்டம் கட்டினார்கள். நெசவாளிகள் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லார் கையிலும் பழைய வெள்ளி ரூபாய். இரண்டு விரலால் விளிம்பை மட்டும் பிடித்திருந்தார்கள், தேளைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் போல. அது சித்தர் விதித்த நியமம். காசின் முகத்தில் விரல் படக் கூடாது. புளி போட்டு விளக்கக் கூடாது. மடியில் மற்ற காசோடு உரச விடக் கூடாது. அந்த ஊரில் பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பதமாகத் தொட்டுத் தூக்கியவர்கள் கிடையாது.

வரிசையில் நெசவாளி சுப்பையன் மனைவி மயிலம்மாள் நின்றாள். அவளிடம் ராணித்தலை ரூபாய் இரண்டு இருந்தன. ஒன்று மாமியார் கொடுத்தது. பல கை மாறி, ராணியின் மூக்கும் கிரீடமும் மழுங்கி, வழவழவென்று இருந்தது. மற்றது அம்மா கொடுத்தது. தகரப் பெட்டியில் பஞ்சுக்குள்ளேயே கிடந்ததால் நேற்று அடித்ததுபோல் இருந்தது. மகள் ராசாத்தியின் கல்யாணத்துக்குக் கொக்கி வைத்து அவள் கழுத்தில் போட அதைக் காத்துவந்தாள்.

பக்கத்தில் பச்சமுத்து நின்றார். நாமகிரிப்பேட்டைக்காரர், ராசாத்திக்குப் பேசி முடித்த பையனின் அப்பா. போன வாரம் தன் வீட்டுக் காசுகளைச் சித்தரிடம் ஒப்படைத்தவர், இப்போது பெண் வீட்டையும் சுத்தம் செய்ய வந்திருந்தார். கோபத்தில் கண் விழித்த காசு இருக்கும் வீட்டில் பெண் எடுத்தால் பையனுக்கு ஆயுசு இல்லையாம். ஒப்படைத்தால் கல்யாணம். இல்லையென்றால் இல்லை.

அம்மாவின் காசைக் கொடுக்க மயிலம்மாளுக்கு மனசில்லை. மகள் கல்யாணத்தைக் கெடுக்கவும் மனசில்லை.

அவள் முறை வந்தது. சித்தர் பட்டுப் பையிலிருந்து ஞானக்கண்ணை எடுத்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அதேதான். அவருக்குக் காசுகள் மூன்று ஜாதி. முகம் தேய்ந்தது உறங்கும் காசு. தட்சணை வாங்கிக்கொண்டு திருநீறு பூசித் திருப்பிக் கொடுப்பார். பாதி தேய்ந்தது அரைக்கண் காசு. அதற்குத் தட்சணை கூட. ராணியின் கூந்தல் இழை இழையாகத் தெரிந்தால் அது விழித்த காசு, குடியைக் கெடுக்கும். அதை மட்டும் சித்தர் பெரிய மனது பண்ணித் தாமே ஏற்றுக்கொண்டு, பூலாம்பட்டிக்குப் போய்க் காவிரியில் விடுவார்.

மாமியார் காசு உறங்கியது. அம்மா காசைப் பார்த்ததும் சித்தருக்கு மூச்சு நின்று வந்தது. பயத்தில் என்று கூட்டம் நினைத்தது.

மயிலம்மாள் காசைக் கொடுக்கவில்லை.

"ஏனுங்க சாமி, தேஞ்சது எப்படித் தூங்குச்சுங்க?"

பல பேர் கை பட்டுப் பட்டு உக்கிரம் தணிந்துவிட்டது என்று சித்தர் விளக்கினார்.

"அப்ப முகம் தேஞ்சா தூங்கீரும்?"

"தூங்கிவிடும் அம்மணி."

"அதுக்கு ஏனுங்க அத்தனை தூரம் காவேரிக்குப் போகோணும்? இங்கயே தூங்க வெச்சர்றேன்."

உட்கார்ந்தாள். யாக குண்டத்து ஓரத்தில் ஒரு செங்கல் துண்டு கிடந்தது. காசின் மேல் ஒரு பிடி சாம்பலைப் போட்டு, செங்கல்லால் ராணியின் கன்னத்தில் ஒரு தேய் தேய்த்தாள். இன்னொரு தேய்ப்புக்குச் செங்கல்லைத் தூக்கினாள்.

ஐம்புலனையும் அடக்கிய சித்தர் ஆசனத்திலிருந்து தாவி விழுந்தார்.

"அடியே, தேய்க்காதேடி! கீறல் விழுந்தா மதராசுக்காரன் வெறும் வெள்ளி விலைதான் குடுப்பான்!"

வரிசை கலைந்து கூட்டம் சித்தரைச் சூழ்ந்துகொண்டது.

"எந்த மதராசுக்காரனுங்க சாமி?" என்றாள் மயிலம்மாள்.

சித்தர் ஞானக்கண்ணைப் பட்டுப் பையில் போட்டுக்கொண்டு நகரப் பார்த்தார். இரண்டு தறிக்காரர்கள் ஆசனத்துக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தார்கள். காவிரியில் விட்ட காசுகளெல்லாம் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக மெல்லிய காகிதத்தில் பத்திரமாக. நாலு அறை வாங்கியதும் சித்தர் உண்மையான உபதேசம் செய்தார். பழங்காசு சேர்க்கும் சீமான்கள் மதராசில் இருக்கிறார்களாம். தேயாத காசுக்குப் பல மடங்கு கொடுப்பார்களாம். பாதி தேய்ந்தால் பாதிகூடக் கிடைக்காது, முழுக்கத் தேய்ந்ததைக் கையாலும் தொடமாட்டார்கள். விளக்கினாலும் விலை போய்விடும். மதராசுக்காரன் விலைப்படிதான் காசுகளுக்கு உக்கிரம் ஏறியிருந்தது.

கூட்டம் பெட்டியின் மேல் பாய்ந்தது. இப்போது யாரும் விளிம்பைப் பிடிக்கவில்லை.

பச்சமுத்து தன் காசுகளை மீட்டு மடியில் முடிந்துகொண்டு வந்தார். இவன் திருடன்தான், அதில் சந்தேகமில்லை என்றார். ஆனாலும் பவானியில் நிஜமான சித்தர் ஒருவர் இருக்கிறாராம். கீறல் பட்ட காசைப் பெண் போட்டுக்கொள்ளலாமா, இந்தச் சம்பந்தம் ஆகுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார்.

மயிலம்மாள் காசிலிருந்த சாம்பலை முந்தானையில் துடைத்தாள்.

"கேக்கலாமுங்கண்ணா. அதுக்கு முந்தி ஒண்ணு. அவரைக் கேக்காம, இவரைக் கேக்காம, நீங்களே ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்க. என்ர புள்ளைய உங்க ஊட்டுக்கு அனுப்பட்டுங்களா, வேண்டாமுங்களா?"