மூன்றாண்டுப் பட்டமும் சுவரைப் பார்த்த படமும்

ஊரில் எந்த விழா நடந்தாலும் தலைமை வகிக்க அழைக்கப்படும் நான், இளமையில் ஒரு கணக்கில் தோற்றவன். இந்த வயதில் அதை ஒப்புக்கொள்வதால் மானம் போய்விடாது. (போவதற்கு வீட்டார் எதையும் மிச்சம் வைக்கவில்லை.)

அறுபதுகளின் கடைசி. புகுமுக வகுப்பு முடிந்ததும் காரைக்குடி வீட்டில் என் முன்னே இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று ஐந்தாண்டுப் பொறியியல். மற்றது மூன்றாண்டுக் கணிதம். தந்தையார் முதலாவதைக் காட்டினார். நான் இரண்டாவதை எடுத்தேன். காரணம் தேவகோட்டையில் இருந்தது: தாய்மாமன் மகள் விசாலாட்சி. "படிப்பு முடிஞ்சாத்தான் கல்யாணம். மூணு வருசம் பொறுத்துக்கிருவேன். அதுக்கு மேல வேற இடம் பாத்துருவேன்" என்று மாமா சொல்லியிருந்தார்.

அந்த மூன்றாண்டும் என் உடல் மட்டுமே சன்னலோரப் பெஞ்சில் இருந்தது. கரும்பலகையில் நுண்கணிதம் வெண்புகையாய்ப் பரவ, நான் கறுப்பு அங்கி புரள, மேகத்தில் நடப்பவனைப் போலப் பட்டமளிப்பு மேடையேறிக்கொண்டிருப்பேன். கைதட்டல் ஓயுமுன் மணி அடித்துவிடும். இறுதித் தேர்வு எழுதிய கையோடு, முடிவுக்குக் காத்திருப்பானேன் என்று, ஸ்டூடியோவில் வாடகை அங்கியும் சுருட்டிய வெள்ளைத்தாளுமாகப் படம் பிடித்து, சட்டம் போட்டு மாமாவுக்கு அனுப்பினேன். அவர் அதைக் கூடத்தில் மாட்டினார்.

முடிவு வந்த நாளில் அந்தப் படத்தின் கீழேயே அமர்ந்திருந்தேன். மாமா நாளிதழில் என் எண்ணை விரலால் தேடினார். மேலிருந்து கீழ், பிறகு கீழிருந்து மேல்.

"மாப்ளே, நம்பரைச் சரியாத்தான் சொன்னீகளா?"

சரியாகத்தான் சொல்லியிருந்தேன். (அவ்வாண்டு நான் சரியாக எழுதிய ஒரே எண்.) மாமா கண்ணாடியைக் கழற்றினார். புதுக்கோட்டையில் நல்ல வரன் ஒன்று இருப்பதாகச் சுவரிடம் சொன்னார்.

கதவோரம் நின்ற விசாலாட்சி நிதானமாகச் சொன்னாள்: "படத்தை அங்குட்டுத் திருப்பி மாட்டுங்கப்பா. அத்தான் பாஸானதும் இங்குட்டுத் திருப்பிக்கலாம். கழட்ட வேணாம்."

அந்தக் கடைசி இரண்டு சொற்களில் என் வாழ்க்கை தொங்கியது. மாமா மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து படத்தைத் திருப்பினார்.

அதன்பின் ஈராண்டு, பொங்கலுக்குப் போனாலும் திருவிழாவுக்குப் போனாலும், என் படத்தின் பின்னட்டைக்கு எதிரிலேயே எனக்கு இலை போட்டார்கள். பட்டம் ஐந்தாம் ஆண்டில் கிடைத்தது.  தந்தையார் தம் கைவிரல்களை ஒவ்வொன்றாக ஐந்து வரை மடக்கிப் பார்த்தார்.

இன்றும் வெளியூர் புறப்படும்போது, மூன்று நாளில் திரும்புவேன் என்பேன். விசாலாட்சி மறுத்துப் பேசுவதில்லை. பெட்டியில் ஐந்து வேட்டி எடுத்து வைப்பாள். ஒன்றையேனும் உடுத்தாமல் திரும்பக் கொண்டுவந்து அவள் முன் வைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு.