மணிக்கு ஆறு கிலோ ஒயர்

ஒரு காட்டுல மண்ணு அள்ளுற மெஷின் ஒண்ணு இருந்துச்சு. சிங்கமும் இருந்துச்சு, ஆனா அது லீவுல போயிருந்துச்சு, அதனால கதையில வராது.

மெஷினோட இரும்புக் கையில, அடிப்பக்கமா, ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. அத ஒட்டாம வாய்க்கா வெட்ட முடியாது. வாய்க்கா வெட்டலேன்னா மழைத்தண்ணி நேரா பொன்னாயி வளைக்குள்ள போகும். பொன்னாயிங்கிறது முயலு. உள்ள அஞ்சு குட்டி, இன்னும் கண்ணு தொறக்கல. மழைக்கு ஒரு வாரந்தான் பாக்கி.

வெல்டிங் வேலைக்கு இருந்தது சடையாண்டிங்கிற கரடி. மூஞ்சியில பாதி முடி தீப்பொறியில போயிருச்சு, அத வச்சே சர்வீசு எத்தன வருசம்னு சொல்லிரலாம். ராடு ராடா வச்சு ஒட்டுனா பத்து நாளாகும், உள்ளுக்குள்ள மருந்து வச்ச வெல்டிங் ஒயர் வாங்கிக் குடுங்க, சீக்கிரம் முடிச்சிர்றேன்னு கேட்டுச்சு.

சாமான் வாங்குற ஆபீசரு நரி. பேரு நல்லதம்பி. அப்பா அம்மா வச்சது, நாம என்ன பண்றது. அது ஒரு ஃபாரத்த நீட்டுச்சு. அதுல ஒரே கட்டம்: மணிக்கு எத்தன கிலோ இரும்பு உருகி விழும்?

கரடி வெளக்குச்சு. மெல்லிசு ஒயருன்னா மணிக்கு ரெண்டு கிலோ, ஆனா தலைக்கு மேலயும் நின்னு ஒட்டும். தடி ஒயருன்னா ஆறு கிலோ, ஆனா படுக்கப் போட்ட வேலைக்குத்தான் ஆகும். நம்ம வெடிப்பு தலைக்கு மேல இருக்குன்னுச்சு.

"மேலயா கீழயான்னு கேக்க கட்டம் இல்லியேப்பா," ன்னுச்சு நரி. "ஆறு பெருசா, ரெண்டு பெருசா?"

"ஆறு சார்."

"நீயே சொல்லிட்ட."

தடி ஒயர் வந்துச்சு. கரடி, மெஷினத் தள்ளுற யானைகிட்ட போயி, மெஷினக் கவுத்துப் போட்டுக் குடுன்னு கெஞ்சுச்சு. தள்ளச் சொன்னா தள்ளுவேன், கவுக்குறது என் ஆர்டர்ல இல்லன்னுருச்சு யானை.

சரின்னு கரடி அடியில மல்லாந்து படுத்து வெல்டிங் ஓட்டுச்சு. இரும்பு உருகி, வெடிப்ப ஒரு எட்டு பாத்துட்டு, தரைக்கு வந்துருச்சு. ரெண்டு சொட்டு தொப்பையில. சாயங்காலம் நரி தராசோட வந்து, தரையில கெடந்த கட்டிய எடை போட்டுச்சு. மணிக்கு ஆறு கிலோ, ஒரு கிராம் கொறையல. திருப்தின்னு கையெழுத்து போட்டுட்டுப் போச்சு.

மூணு நாளு இதே கூத்து. கரடி கண்ணாடியக் கழட்டிட்டு உக்காந்துருச்சு. பொன்னாயி வந்து வெடிப்பப் பாத்துச்சு, கீழ கெடந்த கட்டியப் பாத்துச்சு, தன் வளையப் பாத்துச்சு.

"அண்ணே, இது ஒட்டாதுல்ல?"

"ஒட்டாதும்மா."

"விழறது மட்டும் நிச்சயமா விழும்ல?"

"அதுல ஒரு கொறையும் இல்ல."

"அப்ப எங்க வாசலச் சுத்தி விழ வைங்கண்ணே."

யானை மெஷின வளைப் பக்கமாத் தள்ளுச்சு. தள்ளுறது ஆர்டர்ல இருக்கு. கரடி நாலு நாளு ஓட்டுச்சு, வளை வாசலச் சுத்தி முயல் காது ஒசரத்துக்கு இரும்புக் கரை எழும்பிருச்சு. மழை வந்துச்சு. தண்ணி கரையில முட்டி, வேற பக்கமாப் போச்சு. அஞ்சு குட்டியும் ஒரு மயிரு நனையாமத் தூங்குச்சு.

மறுநாளு மெஷினுக்கு அடியில கியூ. எலி, கீரி, உடும்பு எல்லாம் உடம்பெல்லாம் சேறோட, எங்க வாசலுக்கும் கரை வேணும்னு டோக்கன் வாங்கி நிக்குது. வேற பக்கமாப் போன தண்ணி இவங்க வீட்டுக்குத்தான் போயிருக்கு.

நரிக்கு வெள்ளத்தடுப்பு மெடல் குடுத்தாங்க. கரடிக்கு ஒரு மெமோ வந்துச்சு: கியூ முடியுற வரைக்கும் அந்த வெடிப்ப ஒட்டக் கூடாது, தப்பித்தவறி ஒட்டிக்கிச்சுன்னா நடவடிக்கை எடுக்கப்படும்.

கரடி கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு, மறுபடி மல்லாந்து படுத்துச்சு.

நீதி: தப்பா வாங்குன சாமானத் திருப்பிக் குடுக்க அலையாதீங்க. அது எங்க ஒழுகுதோ, அங்க உங்க வாசல வச்சுக்கங்க.